நைனா இந்தி என்று நம்பிய மொழி

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். ஓமந்தூரை அடுத்த சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சித்தாளாகப் போய், திண்டிவனத்தில் குடியேறி, மேஸ்திரியாக உயர்ந்து, மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்.

யார் புது மொழி பேசினாலும் நைனாவுக்குக் கால் தரையில் நிற்காது. செங்கல்லையும் சாந்தையும் காட்டி, "இதுக்கு உங்க பாஷையில இன்னா?" என்று கேட்பார். வானூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலையில், வடக்கிலிருந்து வந்த கொத்தனார் பிஜயிடம் இப்படியே கேட்டுக் கேட்டு, இரண்டு வருடத்தில் சரளமாகப் பேசினார். இந்தி கற்றுவிட்டதாக உறவினர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் விழுப்புரம் ஜங்ஷனில் ஓர் இந்திக்காரக் குடும்பம் தங்கள் ரயில் எங்கே வரும் என்று தெரியாமல் தவித்தது. நைனா முந்திக்கொண்டு போய் விளக்கினார். அவர்கள் திருதிருவென விழித்தார்கள். மறுநாள் பிஜயைக் கேட்டால், "மேஸ்திரி, நம்ம பேசுறது ஒடியா" என்றார்.

கேலி செய்யும்போது மட்டும் அம்மாவுக்குத் தமிழ்தான் வரும். "ரெண்டு வருஷமா எந்தப் பாஷையைப் பேசிக்கினு இருந்தீங்கன்னே தெரியலையா?"

நைனா அசரவில்லை. "தெரியாம கத்துக்கினதே இவ்ளோன்னா, தெரிஞ்சி கத்துக்கினா எவ்ளோ வரும்!"

பிறகு பிஜய் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. காலையே எடுத்துவிட்டார்கள், மகன் மறைக்கிறான் என்று ஊரில் இருந்த அவர் தாயார் போனில் அழுதார். நைனா போனை வாங்கி, கட்டுப் போட்ட கால் தன் கண்ணெதிரே இருப்பதாக ஒடியாவில் சொன்னார். அதன் பிறகுதான் அந்த அம்மா சாப்பிட்டாராம். கால் குணமான பின்னும் ஞாயிறுதோறும் நைனாவும் அந்தத் தாயாரும் பேசிக்கொண்டார்கள். "எதுக்கு நைனா இந்த வயசுல இதெல்லாம்?" என்று நான் சலித்துக்கொண்டதுண்டு.

சிறுநீரகக் கோளாறால் படுத்திருந்த கடைசி நாட்களிலும், கேரளத்து நர்ஸிடம் ஊசிக்கு மலையாளத்தில் என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த ஞாயிறன்று நைனாவின் போன் அடித்தது. அந்தத் தாயார்தான். அவரிடம் விஷயத்தைச் சொல்ல பிஜய்க்கு அதுவரை மனம் வரவில்லை. அவர் ஏதோ கேட்டார், மறுபடியும் கேட்டார். நைனாவின் மகளாக இருந்தும் எனக்கு ஒரு வாக்கியம்கூடத் தெரியவில்லை. அன்றைக்குப் போல நான் என்றும் வெட்கப்பட்டதில்லை. "நைனா..." என்று மட்டும் சொல்லி அழுதேன். மறுமுனையிலும் அழுகை கேட்டது.

நைனாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், நர்ஸ்கள், தோள் கொடுத்த தெருக்காரர்கள், பாடையைக் கட்டும்போதிருந்து உடன் நின்ற பிஜய், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தாயாரால் இந்த நினைவு மலரைப் படிக்க முடியாது. இதில் உள்ளதை வரும் ஞாயிறு நானே போனில் சொல்லப்போகிறேன். ஓராண்டாக பிஜயிடம் கற்று வருகிறேன். எந்த மொழி என்று முதல் நாளே கேட்டுக்கொண்டேன்.