கை கூப்பச் சொன்னார்கள்

என் தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். எல்லோர் கைக்கும் செல்போன் வர ஆரம்பித்த காலம் அது. கெலமங்கலத்தில் எங்கள் தெருவில் சில குடும்பங்கள் பௌத்தத்துக்கு மாற முடிவெடுத்தபோது அவளும் சேர்ந்துகொண்டாள். புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடைகிறேன் என்ற உறுதிமொழியைத் தன் கையாலேயே சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

அவள் படித்த பள்ளியில் ஏசுவுக்குச் சைகை உண்டு, முருகனுக்கு உண்டு, புத்தருக்கு இல்லை. ஒரு வாரம் வீட்டில் ஒரே ரகளை. புத்தருக்கு நான் கண்ணை மூடிக் காட்டினேன். தூங்குகிறவரா என்று சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்து, தன் காது மடலைக் கீழே இழுத்தாள்: நீளக் காதுக்காரர். தம்மத்துக்கு, அதாவது புத்தர் போதனைக்கு, விரலால் சக்கரம் சுற்றினாள். சங்கத்துக்கு விரல்களை ஒன்றாகக் குவித்தாள். சரணம்தான் எங்கள் உயிரை வாங்கியது. நான் கை கூப்பினேன். பட்டென்று தட்டிவிட்டாள். அது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம். கடைசியில் ஒரு கையைக் குடையாக விரித்து, மறு கையை அதன் அடியில் நிறுத்தினாள்.

மதம் மாறும் விழா அன்று ஓசூர் மண்டபத்தில், பெங்களூரிலிருந்து வந்த பிக்கு வரிவரியாகச் சொல்ல, எல்லோரும் கை கூப்பித் திருப்பிச் சொன்னார்கள். இவள் காது மடலைத் தொட்டாளோ இல்லையோ, விழாவை நடத்தியவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, காதப் புடிச்சி இழுக்குதே, வெளையாட்டா இது? கையக் கூப்பச் சொல்லும்மா."

"அவ பேசறதே கையாலதாங்க. கூப்பினா எப்படிச் சொல்லுவா?"

"மனசுல நெனச்சா போதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வாயப் பொத்திக்கிட்டுச் சொல்லுங்க பாக்கலாம்!"

மனிதர் காதிலேயே வாங்கவில்லை. அவளுடைய இரண்டு கையையும் சேர்த்து வைத்து, கடைசி வரி முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். "அவ்ளோதான், ஆச்சு," என்று சிரித்துவிட்டுப் போனார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அன்று நான் ஊதியதெல்லாம் நன்றாகக் காது கேட்கிறவர்களிடம். தங்கை தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் என் முழங்கையை இடித்து, பார் என்றாள். காது மடலை இழுத்தாள், சக்கரம் சுற்றினாள், விரல்களைக் குவித்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தக் குடை.

"என்னக்கா, சண்டையா?" என்றார் கண்டக்டர்.

என்னையறியாமல் கை கூப்பியிருந்தேன். அவள் பட்டென்று தட்டிவிட்டு, நீயும் சொல் என்றாள்.