ஆனேக்கல் பக்கம் ஒரு காடு

தொண்ணூறுகளின் நடுவில், செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்து நாட்டில் எவ்வளவு பரப்பில் மரங்கள் இருக்கின்றன என்று கணக்கிடும் வேலை எனக்குக் கிடைத்தது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போவேன். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு, மகள் வானத்திலிருந்து பூமியைப் பார்க்கிறாள் என்று ஏகப் பெருமை. அந்தப் படங்களில் மரம், செடியெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "பச்சைய செவப்பா காட்டறதுக்கா அத்தன ஒயரத்துக்கு அனுப்புனாங்க?" என்று கேட்டார். அதற்குப்பின் நான் அலுவலக விஷயம் பேசினால் பேப்பரை விரித்துக்கொள்வார்.

எங்கள் அதிகாரி திருச்சிக்காரர், சாது. ஆனேக்கல் பக்கத்துப் படம் ஒன்றில், முந்தைய படத்தில் இல்லாத ஒரு ரத்தச் சிவப்புத் திட்டு தெரிந்தது. அடர்ந்த காடு என்றது கம்ப்யூட்டர். பழைய வரைபடத்தில் அதே இடத்தில் ஏரி இருப்பதைக் காட்டினேன்.

"ஏரியெல்லாம் எப்பவோ வத்திருக்கும்மா. வத்தின ஏரிக்குள்ளதான் இப்ப அக்கேசியா மரமா நடறாங்க. இது காடுதான்," என்றார். புதுக் காடு கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் காபியும் வாங்கிக் கொடுத்தார். எதையும் நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்பதால் மறுநாள் ஜீப்பில் கிளம்பினோம்.

ஊருக்குள் நுழைந்ததும் அதிகாரி, வந்ததற்கு இதையும் குறித்துக்கொள்வோம் என்று ஒரு மாமரத்தின் சுற்றளவை டேப் வைத்து அளந்தார். மரத்துக்காரம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"ரோடு போடறீங்களா சார்? மரத்துக்கு கவர்மெண்டுல துட்டு குடுப்பாங்களாமே?"

"ரோடெல்லாம் இல்லம்மா. சும்மா அளக்கறோம்."

"சும்மா யாராச்சும் அளப்பாங்களா? கொல்லையில தென்ன நிக்குது, அதயும் எழுதுங்க சார்."

மறுக்கத் தெரியாத மனிதர் தென்னையை எழுதினார். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. முருங்கையை அளந்தோம், பப்பாளியை அளந்தோம். ஒருவர் முழங்கால் உயரச் சப்போட்டாச் செடியைக் காட்டி, "ரோடு வர்றதுக்குள்ள வளந்துடும், பரவால்ல எழுதுங்க," என்றார். வாழையிடம் வந்தபோது அதிகாரி ஒருவழியாகத் துணிந்தார்.

"வாழை மரத்துல சேராதுங்க."

"அப்ப வாழமரம்னு எதுக்கு சார் சொல்றாங்க?"

அதிகாரி டேப்பைச் சுருட்டினார். "வாம்மா, காட்டுக்குப் போயிரலாம்," என்று என் காதில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

செங்கல் கனத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவி, அலுவலகத்துக்கே அது ஒன்றுதான், அவர் கையில் இருந்தது. அதையே பார்த்தபடி ஒரு கரையில் ஏறினார். அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை பச்சைப் பசேல் என்று இலைகள், நடுநடுவே ஊதாப் பூக்கள். மரம் ஒன்றுகூட இல்லை.

"வெட்டிட்டாங்க போல. அடியில இருந்த செடி மட்டும் நிக்குது பாரு," என்றார் வருத்தமாக. "நடுவுல போய்ப் பாப்போம்."

சொல்லிக்கொண்டே கால் வைத்தார். செடி விலகியது. அவர் இடுப்புவரை உள்ளே போனார். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த ஏரி அது.

"சார்!" என்று கத்தினேன். "என்னை விடும்மா! இதப் பிடி!" என்று ஜிபிஎஸ்ஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். மாமரத்துக்காரம்மாவும் சப்போட்டாக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கரையேற்றினார்கள். சட்டைப் பாக்கெட்டில் ஒரு ஊதாப் பூ ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதிகாரியாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அந்தம்மா அடக்கவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டுக்காரரின் வேட்டியைக் கொடுத்தார். வேட்டியோடு அதிகாரி ஜீப்பில் ஏறும்போதும், "என் தென்னைய எழுதிட்டீங்கதான?" என்று கேட்டுக்கொண்டார்.

அந்தச் சிவப்புத் திட்டைக் காட்டுக் கணக்கிலிருந்து எடுத்து ஏரிக் கணக்கில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. படத்தில் காடு என்று அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, எந்த ஆதாரத்தில் ஏரி என்கிறீர்கள் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானே நேர்ல பாத்தேன் சார். மேலோட்டமா இல்ல, இடுப்பு வரைக்கும் பாத்தேன்."