கடைசியில்தான் கண்

நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. நடந்தது. தேதியும் மணியும் குறித்து வைத்திருக்கிறேன். 2007, ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல்.

என் மனைவி பூங்கோதை இறந்து அன்றைக்குப் பதினோரு மாதம். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. மூக்கு, வாய் எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண். கண் எழுதிவிட்டால் பொம்மை அன்றே லாரி ஏறிவிடும் என்பாள்.

வருஷ திவசம் நெருங்கியது. கம்மாபுரத்திலிருந்து மாமியார் செல்வநாயகி போன் செய்தார்.

"மாப்ள, அந்தக் கல்யாண சிடிய டிவிடில போட்டுக் குடுங்க. அவ மொகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்."

சிடி பீரோவில் கிடந்தது. உறையில் கல்யாணத் தேதி மட்டும். அவள் இருந்தவரை வீட்டில் பிளேயரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

கம்ப்யூட்டரில் போட்டேன். படம் மோசம். எல்லா முகமும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஜங்ஷன் ரோட்டில் வீடியோ மிக்சிங் கடை வைத்திருக்கும் மதிவாணனுக்குப் போன் செய்தேன்.

"பிட்ரேட்ட ஏத்து. புள்ளி எடுக்கற ஃபில்டர் போடு. ரெண்டு தடவ ஓடவுடு. கொஞ்சம் தெளியும். ஆனா ஒண்ணுடா, படத்துல இல்லாதத எந்த சாஃப்ட்வேரும் கொண்டாராது."

காலை 9.10. பிட்ரேட் நாலாயிரம். மாற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மணமேடை, புகை, மாலை போட்ட இரண்டு உருவங்கள். மணப்பெண்ணின் முகம் லேசாகத் தெளிந்திருந்தது. பூங்கோதைதான். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

10.25. பிட்ரேட் எட்டாயிரம். ஃபில்டர். இரண்டு ஓட்டம்.

11.52-க்கு முடிந்தது. ஓடவிட்டேன்.

அவள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. நெற்றி வியர்வை தெரிந்தது. ஆனால் அவள் மட்டும்தான். ஐயர் மங்கல். கூட்டம் மங்கல். பக்கத்தில் மாலையோடு நான்... முகமே இல்லை. வெறும் கட்டங்கள்.

ஒரே படத்தில் ஒரு முகம் மட்டும் எப்படித் தெளியும்?

தாலி கட்டும் இடம் வந்தது. அவள் இடது கையை உயர்த்தினாள். மணிக்கட்டில் ஒரு தழும்பு. சூளையிலிருந்து எடுத்த தட்டு சுட்ட தழும்பு.

அந்தத் தழும்பு கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து வந்தது.

12.00. எஸ்டேட் சங்கு ஊதியது...

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது.

படத்தை நிறுத்தினேன். புகை நின்றது. ஐயர் கை நின்றது.

அவள் கண் சிமிட்டினாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி...

சிமிட்டினாள்.

கம்ப்யூட்டர் ஸ்விட்சை அணைத்தேன்.

இரண்டு மணி பஸ்ஸில் மாமியார் வந்துவிட்டார். டிவிடி வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சூடு ஆறாத கம்ப்யூட்டரில் அதை எழுதி எடுத்தேன். போட்டுக் காட்டினேன். திரையைத் தடவித் தடவி அழுதார். "உயிரோட இருக்கற மாதிரியே இருக்குதுங்க." தழும்பை அவர் பார்க்கவில்லை. முகத்தை மட்டுமே பார்த்தார். டிவிடியை முந்தானையில் சுற்றி எடுத்துப்போனார்.

வியாழக்கிழமை அந்தப் பழைய சிடியை மதிவாணனிடம் கொடுத்தேன். பெரிய டிவியில் போட்டான். பார்த்தான். சிரித்தான்.

"ஏன்டா நந்து, கல்யாணத்தப்பவே உனக்கு வழுக்கையா?"

திரையில் யாரோ ஒரு வழுக்கைத்தலை மாப்பிள்ளை. பக்கத்தில் யாரோ ஒரு பெண். குள்ளமாக, குண்டாக, மூக்குக் கண்ணாடியோடு. பெரிய திரையில் மங்கலாகத்தான் இருந்தார்கள். ஆனால் அது நாங்கள் இல்லை.

"ஒரே முகூர்த்தம். ஸ்டுடியோக்காரன் ரெண்டு கல்யாணம் எடுத்திருப்பான். தேதிய மட்டும் எழுதி சிடிய மாத்திக் குடுத்துட்டான். அதுக்கு ஏன்டா இப்படி வேர்க்கற?"

சிடியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலை அழித்தேன். டிவிடி மட்டும் கம்மாபுரத்தில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். மகள் முகத்தை ஒரு தாயிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

நேற்று அவரே போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"மாப்ள, தெனமும் மத்தியானம் போட்டுப் பாக்கறேன். போடப் போட டிவிடி தேயும்னு சொன்னாங்க. இது நல்லா ஆவுதுங்க. மொதல்ல உங்க மொகம் கட்டங்கட்டமா இருந்துச்சு இல்ல? இப்ப நல்லா தெரியுது. உங்க மூக்கு, மீசை, அந்தத் தாடை மச்சம் எல்லாம் வந்துடுச்சு."

தாடை மச்சத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"கண்ணு மட்டுந்தாங்க இன்னும் வரல."