மைதா மாவுப் பென்சில்

போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஜிமுதீனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னவர் அவருடைய மனைவி சைனம்புதான். கட்டிக்கொண்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் பழைய ஜப்பான் டிராயிங் பென்சில்களின் சரித்திரத்தை ஆராயக் கிளம்பினால் அதற்கு வேறென்ன பெயர் வைப்பது? மரப் பென்சில் இல்லை. முனையில் ஊசி போலக் குழாய், பிடியில் சொரசொரவென்று வெட்டிய கட்டங்கள், தலையை அமுக்கினால் டிக் என்று எட்டிப் பார்க்கும் லெட். அந்த டிக்கைக் கேட்டால் போதும், பிரியாணி வாசனை வந்தது போல அவர் முகம் மலர்ந்துவிடும். எந்தக் கம்பெனி எந்த வருஷம் கிளிப்பை மாற்றியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் விழிப்பார்.

உலகத்தில் இந்தப் பித்துக்கும் கூட்டாளிகள் உண்டு. அவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் ஒசாகாவைச் சேர்ந்த மோரி அம்மாள், ஹயாமி என்ற பழைய கம்பெனியின் பென்சில்களைப் பற்றி வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். ஹயாமியின் முதல் உலோகப் பென்சில் எண்பதுக்கு முன்னால் ஜப்பானைத் தாண்டியதே இல்லை என்று அவர் போட்டார். நஜிமுதீன் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? போர்ட் பிளேயரில் என் வாப்பா கடையிலேயே அதை விற்றார், அப்போது நான் ஒன்றாம் வகுப்பு என்று தட்டிவிட்டார்.

அந்தக் காலத்தில் அந்தமானில் கடையெல்லாம் இருந்ததா என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார். பின்னாலேயே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மோரி அம்மாள் மட்டும் மரியாதையாக, ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்து டவுசர் பையில் போட்டதும், வாப்பா ஸ்கேலால் உள்ளங்கையில் போட்டதும்தான் அவரிடம் இருந்த சாட்சி. அடிபட்ட கை மறக்காதுதான். ஆனால் வாப்பா மௌத்தாகி, பஜார் கடையும் கைமாறி எத்தனையோ காலமாகிவிட்டது. அது ஹயாமிதானா, வேறு பென்சிலா என்று அவருக்கே உள்ளுக்குள் உதைத்தது. குழு சிரித்ததைவிட அதுதான் வலித்தது. வாப்பாவின் கடையைத் தானே கற்பனையில் கட்டிவிட்டோமோ என்று பயந்தார்.

கடை வாசலில் படத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: பழைய ஜப்பான் பென்சில் இருந்தால் கொண்டு வரவும். உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்த இந்த ஊர்க் கண்ணுக்கு அதில் ஜப்பான் மட்டும்தான் தெரியும். துருப்பிடித்த ஆணி, தோட்டா உறை, கைப்பிடி போன வாளி என்று வந்து குவிந்தன. மரைன் ஹில்லிலிருந்து ஒருவர் ஆட்டோ வைத்து ஒரு இரும்பு மூடியைக் கொண்டு வந்து, "ஜப்பான் டைம்கா ஹை பாய், பக்கா" என்றார். புரட்டிப் பார்த்தால் அடியில் கல்கத்தா என்று வார்த்திருந்தது.

"அடுத்தது குண்டைக் கொண்டாந்து வைப்பாங்க. கடையோட சேந்து நாமளும் போயிரலாம்" என்றார் சைனம்பு.

சனிக்கிழமை காலையில் சௌல்தாரி கிராமத்திலிருந்து ஒச்சம்மா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பாக்குத் தோட்டமும் ஆடுகளும் வைத்திருப்பவர். நோட்டீஸில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பென்சிலையா தேடுறீக பாய்?"

"இருக்காம்மா?"

"பென்சில் இல்ல. அது கெடந்த பள்ளம் இருக்கு. வாறீகளா?"

நஜிமுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஷட்டர் இறங்கிவிட்டது. புருஷனைத் தனியே விட்டால் பள்ளத்தில் விழுந்துதான் வருவார் என்று சைனம்புவும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. ஒச்சம்மா தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்க்கத் தேய்க்கப் பாசி போய் எழுத்து தெரிந்தது: 1974. கடைசி எண்ணான நாலின் வால் கோணலாக இழுத்துக்கொண்டு போய் ஒரு நீளப் பள்ளத்தில் முடிந்தது. பள்ளத்துக்குள் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு.

"நான் கல்யாணமாகி வந்த வருசம். திருநாவுக்கரசு ஓவர்சியரு ஈர சிமெண்டுல வருசம் எழுதிக்கிட்டு இருந்தாரு. எங்க கெடா பின்னாலருந்து ஒரே முட்டு. பென்சிலு சிமெண்டுல பாதி முங்கிருச்சு, மனுசன் ரோட்டுக்கு ஓடிட்டாரு. மக்காநாளு வந்து நெம்பி எடுத்தாரு. நான் சிரிச்சேன்னு அம்புட்டுப் பேச்சு."

"என்ன பேசினாரு?"

"கப்பல் படம் போட்ட பாய் கடையில, மெட்ராஸ் கப்பல் வந்த அன்னைக்கே வாங்குன ஜப்பான் பென்சிலாம். ஆட்டைக் கறி போட்டாலும் ஈடாகாதாம்."

கப்பல் படம் போட்டது வாப்பா கடைப் பலகை. நஜிமுதீன் தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளங்கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தின் அடியில் இருந்த எழுத்துகள் தலைகீழாக, இடவலம் மாறிக் கிடந்தன. எப்படிப் படிப்பது, எதைப் படம் பிடிப்பது என்று அவர் திணற, சைனம்பு முந்தானையைச் செருகிக்கொண்டு, "மைதா இருக்காக்கா?" என்றார். எண்ணெய் தொட்டுக் கெட்டியாகப் பிசைந்த மாவைப் பள்ளத்தில் திணித்து, அமுக்கி, மெல்லப் பிரித்தெடுத்தார். கையில் ஒரு வெள்ளைப் பென்சில். பாதி உடம்புதான், ஆனால் குழாய், பிடி, கிளிப் எல்லாம் அச்சு அசல். நடுவில் ஆங்கிலத்தில் ஹயாமி என்று நேராகவே விழுந்திருந்தது.

"பரோட்டா போடுற கை. பாத்துக்கிடுங்க" என்றார் சைனம்பு. நஜிமுதீனுக்கு அந்தக் கையை முத்தமிட வேண்டும் போல இருந்தது. ஒச்சம்மா நின்றதால் விட்டுவிட்டார்.

படங்களை அனுப்ப சிக்னல் கிடைக்கவில்லை. அவர் தொட்டி மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். படங்கள் போய்ச் சேர்ந்ததும் பெங்களூர்க்காரர், வருஷத்தைப் பிற்பாடு யாராவது செதுக்கியிருக்கலாமே என்றார். நாலின் வாலைப் பாருங்கள் என்று பதில் போட்டார் நஜிமுதீன். எழுதும்போது பென்சில் நழுவிய கோடு பள்ளத்தில்தானே முடிகிறது. அதற்குள் ஒச்சம்மாவின் ஆடு ஒன்று வந்து மாவுப் பென்சிலை முழுசாகத் தின்றுவிட்டது.

"அந்தக் கெடாவோட வம்சந்தான்" என்றார் ஒச்சம்மா.

"தின்னட்டும் விடுங்கக்கா. அச்சு இங்கனதான இருக்கு" என்று சைனம்பு அடுத்த உருண்டையை எடுத்தார்.

மோரி அம்மாளின் பதில் வந்தது. நீளமும் எழுத்தும் முதல் மாடலுடையவைதானாம். தன் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்: ஜப்பானுக்கு வெளியே முதலில் தெரியவருவது போர்ட் பிளேயரில், 1974. நஜிமுதீன் அதைச் சத்தமாக, தமிழில் ஒரு தரம் இந்தியில் ஒரு தரம், பாக்கு மரங்களுக்கெல்லாம் கேட்கும்படி படித்தார்.

பிறகு பெங்களூர்க்காரர் ஒரு வரி போட்டார். சிரிப்புப் பொம்மை இல்லை. அந்தக் கடை இப்போதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

பலகை போய்விட்டது, பஜார் கடையும் போய்விட்டது என்று எழுதத் தொடங்கினார் நஜிமுதீன். அழித்தார். டெய்ரி ஃபார்மில் இறக்கிவிட்டு வந்த தன் கடை ஷட்டர் நினைவுக்கு வந்தது. பிறகு மாவு ஒட்டிய விரலால் தட்டினார்: இருக்கிறது, வாருங்கள், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் லீவு.