மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி பின்னால் போக வேண்டும். பதினான்கு வருடம் என் எதிர்முனையைப் பிடித்தவள் மடிப்பக்கா. அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வந்த பெயர். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்து போனால் எந்த ரகசியம்தான் தங்கும்? அவள் வீட்டுக் கதை எனக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான், துண்டு துண்டாக, வெளுப்புத்தூள் நெடியோடு.

அவளுக்குப் பிறந்தது மூன்று. மூத்தவன் ஒன்பது வயதில் போய்விட்டான். ஒரு சனிக்கிழமை காலை, துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்பு தீர்ந்துவிட்டதென்று அவனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினாள். "செருப்பைப் போட்டுக்கிட்டுப் போடா" என்று மட்டும் சொன்னாளாம். பின்னால் பார்க்காமல் பின்னோக்கி வந்த லாரி அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. சபையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. "அனுப்பினது நான்தானே" என்றாள். ஒரு வருடம் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

மிச்சமிருந்தவர்கள் ஐந்து வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும். அதன்பிறகு அந்த வீட்டில் எந்தப் பிள்ளையையும் எந்தக் கடைக்கும் அனுப்பியதில்லை. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றி எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். விடுப்புக் கடிதத்தை மதிய இடைவேளையில் என் பேனாவை வாங்கித்தான் எழுதுவாள். மகளுக்குப் பதினேழு வயதாகியும் சாலையைக் கடக்கும்போது தாயின் கை அவள் முழங்கையைப் பிடித்திருக்கும். பையன் பதினெட்டு வயதுவரை தீக்குச்சி கிழித்ததில்லை. அவள் கணவர் பஸ் டிரைவர். "நான் தினம் ஆயிரம் பேரைக் கொண்டு போய் விடுறேன். என் பிள்ளைங்களைத்தான் வாசல் தாண்டி விட முடியல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இருக்காது.

மகள் ஊமைக் கோட்டானாக வளர்ந்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவள் யாருக்கும் சொல்லாமல், பக்கத்து மாவட்டத்து நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று வீட்டில் இருந்தவள் தாய்.

அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே அலமாரி. என் மதியச் சாப்பாட்டை எடுக்கத் திறந்தபோது, அவளுடைய மாற்றுப் புடவைக்கு அடியில் பழுப்பு உறையின் மூலை தெரிந்தது. மேலே மகளின் பெயர், ஓரத்தில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியின் முத்திரை.

"என்னக்கா இது?"

"அவ அங்க போனா செத்துருவா" என்றாள் மடிப்பக்கா. குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "ஒரு மாசம் போகட்டும். மறந்துருவா."

நான் அலமாரியை மூடினேன். வாயைத் திறந்திருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். நல்லவள் போல இப்போது கதை சொல்கிறேனே, அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து, மதியம் ஒரு மணிக்கு, மகள் சலவைக்கூடத்துக்குள் வந்தாள். அவள் அங்கே தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. இஸ்திரி உருளை ஓடிக்கொண்டிருந்தது. நீராவியில் அவள் முகம் வியர்த்திருந்ததா அழுதிருந்ததா தெரியவில்லை.

"நானே பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன்மா. லெட்டர் போட்டாச்சாம். சேர வேண்டிய தேதியும் முடிஞ்சு போச்சாம். லெட்டர் எங்கம்மா?"

"நீ பஸ்ல தனியாவா போன?" என்றாள் தாய்.

"லெட்டர் எங்க?"

யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய் அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். பிரிக்கவேயில்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தது. மகள் அதை வாங்கிக்கொண்டு என்னைத்தான் முதலில் பார்த்தாள். அலமாரி இருவருக்கும் பொது என்று அவளுக்குத் தெரியும். பிறகு தாயிடம் சொன்னாள்:

"அண்ணன் செத்ததுக்கு நானும் தம்பியும் ஜெயில்ல இருக்கோம். எனக்குத் தண்டனை முடிஞ்சிருச்சும்மா."

மறுநாள் காலையில் ஒரு பையோடு போய்விட்டாள். வேறு ஊரில் ஒரு முதியோர் விடுதியில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்துப் பயிற்சியில் சேர்ந்தாள் என்று அப்பாவுக்கு மட்டும் தகவல் வந்தது. முகவரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் மடிப்பக்கா, "மகள் வெளியூர்ல இருக்கா, அவளுக்காக ஜெபியுங்க" என்று சொல்லிவந்தாள். பொய்யில்லைதான். நான் அவளுக்குப் பின் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். நாலைந்து மாதம் கழிந்து ஒரு வெள்ளி, அவள் எழுந்து நின்றாள். பிறகு, "அவளுக்கு வந்த கடிதத்தை நான் ஒளிச்சு வச்சேன். அவ அதனாலதான் போயிட்டா. இத்தனை நாளும் உங்ககிட்டயும் ஆண்டவர்கிட்டயும் நடிச்சேன்" என்றாள். மூலையில் இருந்த காது மந்தமான அம்மா, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லி முடித்தாள் என்று நினைத்து, "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொன்னாள். ஒரு சிறுமி சிரித்தாள். மடிப்பக்கா உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்து யாரும் அவளிடம் பேசவில்லை. நானும் அவளும் சேர்ந்து நடந்து வந்தோம். "உன் பேரைச் சொல்லல" என்றாள். அவ்வளவுதான்.

மனம் திருந்தினால் பயம் போய்விடுமா? போகவில்லை. பையனுக்குப் பதினெட்டு ஆனபோது துறைமுக நகரத்துக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போகிறேன் என்றான். போகட்டுமா என்று கேட்கவில்லை; போகிறேன் என்றான். அன்று சலவைக்கூடத்தில் அவள் கையிலிருந்து விரிப்பின் முனை மூன்று முறை நழுவியது. "தடுக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வருது" என்றாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்." அவனுக்குத் தீக்குச்சி கிழிக்கவும், சோறு வடிக்கவும், பொத்தான் தைக்கவும் பத்தே நாளில் கற்றுக்கொடுத்தாள். பத்து வருடத்தில் கொடுத்திருக்க வேண்டியது. கிளம்பும் அன்று பையில் அவள் திணித்த போர்வை, தைலம், மூன்று டவல் எல்லாவற்றையும் அவன் எடுத்து வெளியே வைத்தான். தைலத்தை மட்டும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போட்டான். "பஸ் ஸ்டாப்புக்கு வராதம்மா" என்றான். அவள் வாசலோடு நின்றுகொண்டாள்.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேற்பார்வையாளர் அறைத் தொலைபேசிக்கு அவளை அழைத்தார்கள். கதவு திறந்திருந்தது, நான் வாசலில் நின்றேன்.

"அம்மா, நான்தான்" என்றது குரல். மகள். நாலு வருடத்துக்கு மேல் கழித்து. அந்த அறை அவ்வளவு சின்னது, எனக்கும் கேட்டது. "பதறாம கேளு. தம்பி கண்ணுல இரும்புச் சில்லு பாஞ்சிருச்சு. பதினஞ்சு நாள் ஆச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. இடது கண்ணு போயிருச்சும்மா."

மடிப்பக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "பதினஞ்சு நாளா? அவன் எனக்கு ஏன் சொல்லல? உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் முதல்ல சொன்னான். நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நான் லீவு போட்டுட்டுக் கூடவே இருந்தேன்."

"நான் இப்பவே கிளம்பி வரேன்."

"வராதன்னு சொல்லச் சொன்னான்."

"ஏன்?"

"நீ வந்தா கூட்டிட்டுப் போயிருவியாம்."

கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போய், "சாப்பிடுறானா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுறான்."

"நீ?"

"சாப்பிடுறேன்."

"நான் எப்ப வரலாம்னு அவனையே கேட்டுச் சொல்லு. அவன் சொல்ற அன்னைக்கு வரேன். அந்த லெட்டர் விஷயம்..."

"அது இப்ப வேணாம்மா" என்று மகள் வைத்துவிட்டாள்.

கணவர் அன்று தெருவே கேட்கக் கத்தினார். "கண்ணு போன பிள்ளையைப் பாக்காம ஒரு தாய் இருப்பாளா? உனக்கு மனசு கல்லாயிருச்சா?" நாலைந்து வருடம் முன்புவரை வாசல் தாண்ட விடாதவள் என்று அவளைக் குத்தியவரும் அவர்தான். அவள், "நீங்க போங்க. ஆனா கூட்டிட்டு வரேன்னு போகாதீங்க" என்றாள். அவர் போய், இரண்டாம் நாள் தனியே திரும்பி வந்தார்.

மகன் கூப்பிட ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் அவள் எவ்வளவு இளைத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிளவுஸ் தோளில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டு வந்தாள். சபைப் பெண்கள் முகத்துக்கு நேராகவே, "உனக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருது?" என்று கேட்டார்கள். "வரல" என்றாள்.

போய்வந்து அவள் சொன்னது இது. நாலு பேர் தங்கும் ஓர் அறை. ஒரே ஸ்டவ். "உக்காரும்மா, நான் டீ போடுறேன்" என்றானாம். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது; முதல் டம்ளரில் ஊற்றியது மேஜையில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினான். அதுவும் பாதி வெளியே. கொதிக்கிற டீ அவன் விரலில் பட்டதும் இவள் பாதி எழுந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சு அழுத்தி உக்காந்துக்கிட்டேன். ஆண்டவரே, என்னைப் பிடிச்சு வையும்னு சொல்லிக்கிட்டேன். மூணாவது தடவை டம்ளரோட விளிம்பை விரலால தொட்டுப் பாத்துட்டு ஊத்தினான். சரியா விழுந்துச்சு. என்னைப் பாத்தான். நல்லா இருக்குடான்னு சொன்னேன். சர்க்கரையே போடல அவன்."

நாலு நாள் விடுப்பு எடுத்துப் போனவள் ஒன்றரை நாளில் திரும்பிவிட்டாள். இன்னும் இரு என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அவன் இப்போது அதே பட்டறையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான். மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறை வருவாள், கிறிஸ்துமஸுக்கு அல்ல, அதற்குப் பிந்திய ஏதோ ஒரு வாரத்தில். ஒரு இரவு தங்குவாள். கடிதத்தைப் பற்றி மடிப்பக்கா ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். "சரிம்மா" என்றாளாம் மகள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மடிப்பக்கா எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள். தாயோடு கடைத்தெருவில் போகும்போது என்னைப் பார்த்தால் மகள் தலையசைப்பாள், நின்று பேசமாட்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

போன மாதம் மகனுக்கு வலது கண்ணிலும் பார்வை மங்குகிறது என்று செய்தி வந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"அக்காளும் தம்பியும் டாக்டரைப் பாக்கப் போறாங்க. நானும் வரலாமான்னு கேட்டிருக்கேன்" என்றாள். "இன்னும் பதில் வரல."