சாம்பிராணியும் மாம்பழ ஆவியும்

சிகரெட்டை விடுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் லா ஷப்பல் தமிழர் தெருக்களில் வேறு எவருக்கும் இராது. அத்தனை முறை விட்டிருக்கிறேன். கந்தசஷ்டிக்கு விடுவேன். பாறணைச் சோறு சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயமுதல் திரும்பப் பற்றவைப்பேன். ஒவ்வொரு முறையும் மனைவி நம்புவாள். ஒவ்வொரு முறையும் என் ஜக்கெற் பைக்குள் ஒரு லைட்டர் அகப்படும்.

ஆகவே போன மாரிக் குளிரில் நான் ஒரு வப், அதாவது மின்சிகரெட், வாங்கிவந்து, இனிச் சிகரெட் இல்லை என்று அறிவித்தபோது, அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தக்கூட இல்லை.

"ஓம்," என்றாள்.

"நம்பேல்லையோ?"

"அந்த டொக்டர் வைச்சிருக்கிற மிசின் சொல்லட்டும். அதுவரைக்கும் உங்கடை தலையணை சாலோனிலை கிடக்கட்டும்."

எங்கள் முன்னறைச் சாலோனில் கிடக்கும் சோபா என் முழங்காலோடு முடிந்துவிடும். மிச்சக் கால் இரவு முழுக்கக் காற்றில் தொங்கும்.

அந்த மிசினைப் பற்றிச் சொல்லவேண்டும். புகையை விடவைக்கிற டொக்டர் அம்மாவிடம் முதல் தடவை போனபோதே அதற்குள் ஊதியிருந்தேன். எதையாவது எரித்து அந்தப் புகையை இழுத்தவனின் மூச்சில் கார்பன் மோனொக்சைட் இருக்கும், மிசின் அதைப் பிடித்துவிடும். பச்சை விளக்கு என்றால் நல்லபிள்ளை. அன்றைக்கு எனக்குச் சிவப்பு. வப்பில் எதுவும் எரிவதில்லை, பட்டரிச் சூட்டில் திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். எனவே சிகரெட்டை முற்றாக விட்டு அதை மட்டும் இழுத்தால் அடுத்தமுறை பச்சை வரும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

மாம்பழ வாசனை வாங்கினேன். ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் அதற்கும் தூரத்து உறவுகூட இல்லை. ஷாம்பு குடித்த மாதிரி இருந்தது. தொண்டை வரண்டது, இருமல் வந்தது. ரூ காய் தெருவில் நான் வேலை செய்கிற பலசரக்குக் கடை வாசலில் நின்று இழுத்தால், கூட வேலை செய்கிறவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

"அண்ணை, உதை ஊதினால் பாம்பு வருமோ?"

"வந்தால் உமக்குத்தான் முதல் கொத்து."

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சிகரெட்டைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக உண்மையாகவே விட்டிருந்தேன். நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

டொக்டர் அம்மாவிடம் அடுத்த ரொந்தெவு ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. திரான்சியில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால், மனைவி விடிய எழும்பித் தலைமுழுகி, சாமிக்குச் சாம்பிராணி காட்டி, அந்தத் தணலுக்கு மேலேயே குனிந்து தலைமயிரையும் உலர்த்துவாள். வட்டக் கரியும் சாம்பிராணியும் எங்கள் கடைச் சரக்கு, சுமந்து வருகிறவன் நான். வெளியில் குளிர் என்பதால் யன்னல்கள் பூட்டு. யன்னலுக்கு மேலே காற்று வருகிற கீறலையும் நான்தான் டேப் போட்டு அடைத்திருந்தேன். அந்த வேலைக்காக என்னை நானே மெச்சியும் இருந்தேன்.

"இண்டைக்கு உங்களுக்காகக் கனக்கப் போடுறன்," என்றாள். "இஞ்சை வந்து இந்தக் கரியை ஊதி மூட்டுங்கோ. உது உங்களுக்குக் கைவந்த வேலைதானே."

தணலுக்கு முகத்தைக் கொடுத்து ஊதினேன், இழுத்தேன், ஊதினேன். கரி அழகாகச் சிவந்தது. வீடு கோயில் மாதிரி மணத்தது.

ரொந்தெவுக்கு அவளும் வெளிக்கிட்டாள். "நீங்கள் அவவுக்குப் பிரெஞ்சிலை ஒண்டு சொல்லி, எனக்குத் தமிழிலை இன்னொண்டு சொல்லுவியள்."

டொக்டர் அம்மா மிசினை நீட்டினார். மூச்சை அடக்கிப் பிறகு மெதுவாக ஊதினேன். செம்மஞ்சள். டொக்டர் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. வப்போடு இடைக்கிடை சிகரெட்டும் பிடிக்கிறவர்கள் நிறைய என்றார். ஆனால் இரண்டையும் வைத்திருந்தால் உடம்புக்குப் பெரிய நன்மை இல்லையாம்.

மனைவி சுவரில் இருந்த நுரையீரல் படத்தையே பார்த்தாள். "நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றாள்.

"சத்தியமாப் பிடிக்கேல்லையப்பா."

"எந்தச் சாமியிலை?"

"விடிய நீர் சாம்பிராணி காட்டின அதே சாமியிலை."

எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்த டொக்டர், ஷிஷா என்கிற ஹூக்கா பிடிப்பதுண்டா என்று என்னைக் கேட்டார். இல்லை. வீட்டில் விறகு அடுப்பு? இல்லை. வேறு ஏதாவது எரிப்பதுண்டா?

சாம்பிராணிக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்கு வரவில்லை. கரி என்றேன். கும்பிடுவதற்கு என்றேன். யன்னல் பூட்டு என்றேன். டேப்பையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"மதாம், நீங்களும் ஒருக்கால் ஊதுங்கோ," என்றார் பிரெஞ்சில்.

"நான் ஏன்? எனக்கு உந்தப் பழக்கமில்லை," என்றாள் மனைவி தமிழில். ஆனால் ஊதினாள்.

சிவப்பு.

அத்தனை வருடம் பிடித்த எனக்குச் செம்மஞ்சள். ஒருநாளும் பிடியாதவளுக்குச் சிவப்பு. சிரிக்கக்கூடாத இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இஞ்சாரும்," என்றேன். "எவ்வளவு நாளாப் பிடிக்கிறீர்?"

மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளு விழுந்தது.

தலையிடி வருவதுண்டா என்று டொக்டர் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் வரும் என்றாள். இத்தனை நாளும் என் மாம்பழ ஆவியால் வருகிறது என்றுதான் எனக்குப் பேச்சு விழுந்தது. டொக்டர் எழுந்துபோய் அறையின் யன்னலைத் திறந்துவிட்டார். கரி எரிந்து அறைக்குள் அடைபடுகிற அந்த வாயுவுக்கு மணமில்லை, நித்திரை மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். டேப்பை இன்றைக்கே கழற்றவேண்டும், வீட்டுக்குள் இனிக் கரி கூடாது. வப்பும் சுத்தமான காற்றல்ல என்று என் பக்கம் திரும்பினார். சிகரெட் புகையைவிடக் கேடு குறைவு, ஆனால் கேடே இல்லை என்று சொல்லமுடியாது. நிக்கொட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இதையும் விடவேண்டும்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் என் ஜக்கெற் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் ஏறி அந்த டேப்பை உரித்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு நல்ல காற்றை நான் திரான்சியில் சுவாசித்ததே இல்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போய் ஊதினோம். மனைவிதான் முந்திக்கொண்டு மிசினை வாங்கினாள். அவளுக்குப் பச்சை. எனக்கும் பச்சை. அன்றைக்கு நான் வேலையால் வர, என் தலையணை கட்டிலில் கிடந்தது. காலை நீட்டிப் படுத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை விடிய அவள் சேலைக்கு மேலே மாரிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தணல் சட்டியோடு பல்கனிக்கு வருகிறாள். நிக்கொட்டின் குறைந்த, வாசனையும் இல்லாத திரவத்தோடு நான் மற்ற மூலையில் நிற்கிறேன்.

"தள்ளி நில்லுங்கோ. சாமிக்குக் காட்டுற புகையிலை உங்கடை ஆவி கலக்கக்கூடாது."

தள்ளி நிற்கிறேன். கரி மூட்ட லைட்டர் வேண்டும் என்றால் என் ஜக்கெற் பைக்குள்தான் கை விடுவாள். அங்கே அதைப் போட்டு வைத்திருப்பதும் அவள்தான்.