எரியாத சுவர்

சங்கரன்கோவிலில் கார் சீட் தைத்துக்கொண்டிருந்த மூக்காண்டிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் பம்பாய் விமானப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கும் சீட் தைப்பதுதான். ஆனால் புதுத் துணி வந்தால் ஒரு துண்டைத் தொங்கவிட்டு அடியில் தீ வைத்துப் பார்ப்பார்கள். தீயை விலக்கியதும் துணி தானாக அணைய வேண்டும். அணையாத துணி விமானத்துக்குள் போகாது.

தம்பி சங்கரசுப்புவைச் சரக்குக் கப்பலில் சமையலுக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது, கப்பல் மெத்தைக்கும் அந்தச் சோதனை உண்டா என்று மூக்காண்டி தம்பியிடம் கேட்டார்.

"மெத்தைய யாருண்ணே பாக்கா? சுவரு இரும்பு. ஒரு ரூம்ல தீப்பிடிச்சா அடுத்த ரூமுக்குப் போவாது. பிளேன்னா தரையில இறக்கிட்டு ஓடலாம். கடல்ல எங்கன ஓட? அதான் தீய ரூமுக்குள்ளயே அடைக்கது."

மூக்காண்டிக்கு அது சரியென்றே பட்டது.

எண்பத்திரண்டில் அந்தக் கப்பல் பம்பாயை நெருங்கிக்கொண்டிருந்தது. மதியச் சமையல் முடிந்து சங்கரசுப்பு தூங்கியபோது, கட்டிலோரத்து வயர் கருகி ஃபோம் மெத்தையில் தீப்பற்றியது.

உடலை அடையாளம் காட்டக் கப்பலுக்குப் போன மூக்காண்டி அந்த அறையையும் பார்த்தார். சுவர் வளையக்கூட இல்லை. பக்கத்து அறையில் கொக்கியில் தொங்கிய சட்டை வெள்ளையாகவே இருந்தது. தம்பி உடம்பில் தீக்காயம் கொஞ்சம்தான். மூக்கிலும் வாயிலும் கரி. கதவின் உட்புறம் கைத்தடங்கள்.

மிஞ்சிய மெத்தையில் ஒரு துண்டைக் கிள்ளி, கரைக்கு வந்து தீக்குச்சியைக் காட்டினார். கறுப்புப் புகையோடு உருகிச் சொட்டியது. குச்சியை எடுத்த பிறகும் நிற்கவில்லை. கூட வந்த கப்பல் அதிகாரி, சுவருக்கு விதி இருக்கிறது, இந்தப் பழைய கப்பலின் மெத்தைக்கு இல்லை என்று தலைகுனிந்து சொன்னார்.

ஊரில் தம்பி மனைவி இசக்கித்தாய் கேட்டாள்: "அவுக தீயில வெந்தா செத்தாக, அத்தான்?"

"இல்ல தாயி. புகைதான்."

"தூக்கத்திலேயா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ரயில் முழுக்க நினைத்து வந்திருந்தார்.

"எந்திரிச்சிருக்கான். கதவு வரைக்கும் வந்திருக்கான்."



காரியம் முடிந்ததும் இசக்கித்தாய் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். பஞ்சுத்தூசி பறக்கும் கூடம், ஒரே வாசல். பின்பக்கமும் ஒரு கதவு வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டார் மூக்காண்டி. பார்ப்போம் என்றார் முதலாளி. லீவு முடிந்து மூக்காண்டி ரயிலேறினார். கதவு வைக்கவில்லை. வாசலை ஒட்டிய தறியை இசக்கித்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.